பூட்டின பிளாட்டும் பெட்டிக்குள்ள வாற ஸ்பிரேயும்

ஜூலை மாதம் வெள்ளவத்தைக்கு இரண்டு பேர் சேர்ந்து வருவார்கள். ஒன்று வெளிநாட்டுச் சொந்தம், மற்றது டெங்கு. இது தற்செயல் இல்லை, நாட்காட்டி அப்படி. லண்டனிலும் டொரொண்டோவிலும் பள்ளிக்கூடம் விடுகிற காலமும், மேல்மாகாணத்தில் தென்மேல் பருவமழையோடு டெங்கு உச்சத்துக்கு ஏறுகிற காலமும் ஏறக்குறைய ஒன்றுதான். மே மாத மழையில் நிரம்பின பூச்சாடித் தட்டும் யோகட் கப்பும் ஜூன், ஜூலையில் காய்ச்சலாக மாறும். கொச்சிக்கடை அந்தோனியார் திருநாள் ஜூன் 13. ஆடிவேல் அதற்குப் பிறகு. இரண்டுமே அந்த உச்சத்துக்கு நடுவில் வருகிற கொண்டாட்டங்கள். அடுத்த உச்சம் நவம்பரில் தொடங்கி ஜனவரி வரைக்கும் போகும். அது நத்தார் லீவு, தைப்பொங்கல், கலியாண வீட்டுக் காலம். வருஷத்தில் எந்த இரண்டு தடவை எங்கட ஆக்கள் கூட்டமாக வந்து இறங்குகிறார்களோ, அதே இரண்டு தடவைதான் நுளம்புக்கும் சீசன்.

வருகிறவர்களைப் பயப்படுத்த நாங்கள் இதை எழுதவில்லை. வாங்கோ, எல்லாரும் வாங்கோ. ஆனால் எங்களுக்கு இரண்டு விஷயம் சொல்ல இருக்கு. முதலாவது, வருகிறவர்கள் தங்களைக் காப்பாற்றிக்கொள்ளச் செய்கிற வேலைகளில் பாதிக்குமேல் வேறு ஒரு நோய்க்கானது, வேறு ஒரு நேரத்துக்கானது. இரண்டாவது, சரியான ஸ்பிரேயைச் சரியான நேரத்தில் பூசினாலும் அது அரைவாசிப் பாதுகாப்புதான். மிச்ச அரைவாசி இங்கே, அவர்களுடைய சொந்தக் கதவுகளுக்குப் பின்னால் பூட்டிக்கிடக்கிறது.

முதல் விஷயத்துக்கு வருவோம்.

எங்கட வீட்டுப் பெரியாக்களுக்கு நுளம்பு எண்டால் மலேரியா. அதில் நியாயம் இருக்கிறது. 1934, 35இல் இந்தத் தீவில் மலேரியாவுக்கு ஏறத்தாழ 80,000 பேர் செத்தார்கள். பிறகு டிடிடி மருந்து வந்து, 1963இல் நாடு முழுக்க வெறும் 17 பேருக்குத்தான் மலேரியா. முடிஞ்சுது எண்டு கையை விட்டார்கள். 1960களின் கடைசியில் அது லட்சக்கணக்கில் திரும்பி வந்தது. யுத்த காலத்தில் வன்னிப் பக்கம் இருந்தவர்களைக் கேட்டால் குளிர்க்காய்ச்சல் கதை இல்லாத குடும்பம் இல்லை. ஆனால் இந்த நாட்டுக்குள்ளேயே தொற்றின கடைசி மலேரியா நோயாளி பதிவானது 2012 ஒக்டோபரில். 2016 செப்டெம்பரில் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா ஒழித்த நாடு எண்டு அறிவித்தது. இலங்கைக்கு வருவதற்கு மட்டும் எண்டால் மலேரியாக் குளிசை தேவையில்லை. (வருகிற வழியில் ஆபிரிக்காவிலோ இந்தியாவிலோ தங்கி வருகிறவர்களின் கதை வேறு. அவர்களுக்கு இங்கே காய்ச்சல் வந்தால் அந்தப் பயணத்தையும் வைத்தியரிடம் சொல்ல வேண்டும். மலேரியா போனாலும் மலேரியா நுளம்பு இன்னும் இங்கேதான் இருக்கிறது.)

நோய் மாறிவிட்டது, பழக்கம் மாறவில்லை. மலேரியா நுளம்பு இரவில் குத்தும். ஆகவே பொழுதுபட்டவுடன் கதவை அடைப்பது, வலை கட்டுவது, படுக்கும்போது லிக்விட் மெஷினைச் செருகுவது என்று எல்லாம் இரவுக்கான ஏற்பாடு. டெங்குவைக் காவுகிற ஏடிஸ் நுளம்பு பகல்காரி. சூரியன் உதித்த கையோடு இரண்டு மூன்று மணித்தியாலமும், பொழுதுபட முந்தின இரண்டு மூன்று மணித்தியாலமும்தான் அவளுக்கு முக்கியமான நேரம். அதாவது, காலமை பல்கனியில் இருந்து தேத்தண்ணி குடிக்கிற நேரம், பின்னேரம் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு கடற்கரைக்கு இறங்குகிற நேரம். அந்த இரண்டு நேரமும் அரைக்காற்சட்டையும் செருப்பும்தான் எல்லாருக்கும் உடுப்பு. நுளம்புக்கு விருப்பமான இடம் முழங்காலுக்குக் கீழே, கணுக்கால் பக்கம்.

இன்னொரு பிழையான நம்பிக்கை வெள்ளவத்தைக் கால்வாய். பாலத்தைக் கடக்கும்போது மூக்கைப் பொத்திக்கொண்டு "இதாலதான் டெங்கு வருது" எண்டு சொல்லாத ஆள் இல்லை. கால்வாய் நாறுது, உண்மை. அந்த ஊத்தைத் தண்ணியில் பிறப்பது பெரும்பாலும் கியூலெக்ஸ் எனும் இரவு நுளம்பு. ஏடிஸுக்கு அது வேண்டாம். அவள் முட்டை இடுவது நல்ல தண்ணியில், அல்லது நல்ல தண்ணி மாதிரி இருக்கிறதில்: பூச்சாடிக்குக் கீழ் இருக்கும் தட்டு, பிரிட்ஜுக்குப் பின்னால் தண்ணி சேருகிற தட்டு, ஏசி சொட்டுகிற வாளி, இலை அடைத்த பீலி, மூடி உடைந்த தாங்கி, ஷோகேஸ் மேல் வைத்த மணிப்பிளாண்ட் போத்தல். ஒரு போத்தல் மூடியளவு தண்ணி போதும். முட்டையிலிருந்து பறக்கிற நுளம்பு வர ஒரு கிழமை, பத்து நாள். தண்ணி வற்றினாலும் முட்டை சாகாது. மாதக்கணக்கில் காய்ந்து ஒட்டிக்கொண்டு கிடந்து, அடுத்த மழைக்கு பொரிக்கும்.

பத்தாம் மாடியில் இருக்கிறோம், நுளம்பு ஏறாது எண்டும் நினைக்க வேண்டாம். லிஃப்டில் வரும். அதுக்கும் அவசியமில்லை, உங்கட பல்கனியிலேயே பிறக்கும்.

எங்களுக்குக் கூடுதல் கவலை தருகிறது இன்னொரு வசனம். "நாங்கள் இங்க பிறந்து வளர்ந்த ஆக்கள், எங்கட ரத்தத்துக்கு இதெல்லாம் பழக்கம்." வெள்ளைக்கார உல்லாசப் பயணி புறப்பட முந்தி பயண மருத்துவரிடம் போவார், ஸ்பிரே வாங்குவார். மாமா போகமாட்டார். ஊருக்குப் போறதுக்கு ஆராவது டொக்டரிட்டப் போவினமோ? சொந்தங்களைப் பார்க்க ஊர் திரும்புகிறவர்களே இப்படி ஆலோசனை கேட்காமல் கிளம்புகிறவர்களில் முதலிடம் என்று பயண மருத்துவத்துறை நெடுங்காலமாகச் சொல்லிவருகிறது.

டெங்கு விஷயத்தில் அந்த வசனம் தலைகீழ். டெங்கு வைரஸ் நான்கு வகை. ஒரு வகை வந்து சுகமானால் அந்த வகைக்கு மட்டும் நீண்டகால எதிர்ப்பு வரும். மற்ற மூன்றுக்கும் எதிராகக் கொஞ்ச மாதப் பாதுகாப்பு கிடைக்கும், பிறகு அது போய்விடும். இரண்டாம் தடவை வேறு வகை தொற்றினால் உடம்பில் இருக்கிற பழைய எதிர்ப்பே வைரஸுக்கு உதவி செய்து நோயைக் கடுமையாக்கலாம். தொற்றுகிற நாலு பேரில் மூன்று பேருக்கு அறிகுறி பெரிதாகத் தெரியாது. ஆகவே கொட்டாஞ்சேனையில் பத்து வயதுவரை இருந்துவிட்டு ஸ்காபரோவுக்குப் போன ஒரு அண்ணாவுக்கு ஏற்கெனவே ஒரு தடவை வந்துபோயிருக்கலாம், அவருக்கே தெரியாது. பழகின ரத்தம் எண்டு அவர் சொல்லுவதுதான் உண்மையில் அவருக்கு இருக்கிற ஆபத்து. அவருடைய பிள்ளைகளோ ஒரு எதிர்ப்பும் இல்லாமல் வந்து இறங்குகிறார்கள்.

2017 இதை நாட்டுக்கே காட்டியது. பல வருஷம் பெரிதாகத் தலைகாட்டாமல் இருந்த இரண்டாம் வகை வைரஸ் பரவி, அந்த ஒரு வருஷத்தில் மட்டும் 186,101 பேருக்கு டெங்கு எண்டு பதிவானது. 400க்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். ஐந்தில் இரண்டு நோயாளிகள் மேல்மாகாணத்தவர். அப்ப நாங்கள் பள்ளிக்கூடத்தில். வகுப்பில் வெறும் கதிரைகள் இருந்தது எங்களுக்கு நினைவிருக்கிறது.

சரி, என்ன செய்கிறது? வாங்குகிற ஸ்பிரேயின் லேபிளை வாசியுங்கள். டீட், பிக்காரிடின், ஐஆர்3535, எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய், இந்த நாலில் ஒன்று இருக்க வேண்டும். டீட் எண்டால் 20 வீதத்துக்குக் குறையாமல் பாருங்கள். வெயிலுக்குப் பூசுகிற கிறீமை முதலில் பூசி, அது காய்ந்தபிறகு இது. வியர்த்தாலும் கடலில் குளித்தாலும் திரும்பப் பூச வேண்டும். எலுமிச்சை யூகலிப்டஸ் எண்ணெய் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்குப் பூசக்கூடாது. இரண்டு மாதம் ஆகாத குழந்தைக்கு ஒன்றுமே பூச வேண்டாம். தொட்டிலுக்கு வலை போடுங்கள், பகலிலும். எங்கட நாட்டுச் சிட்ரோனெல்லா எண்ணெய் மணக்கும், பெயர்போனது, ஆனால் கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். பின்னேரம் முழுக்க அதை நம்பி இருக்க ஏலாது. கையில் கட்டுகிற பட்டி, போனில் சத்தம் போடுகிற செயலி, உள்ளி சாப்பிடுவது, விற்றமின் குளிசை எல்லாம் காசுக்கும் வாய்க்கும்தான் கேடு. நுளம்புத்திரி கொளுத்துகிறவர்கள் யன்னலைத் திறந்து வையுங்கள். ஒரு திரி எரிந்து முடிய வெளிவருகிற நுண்துகள் 75 முதல் 137 சிகரெட் வரைக்கும் சமன் எண்டு 2003இல் வெளியான ஒரு ஆய்வு கணக்குப் பார்த்தது. மூடின அறைக்குள் குழந்தையைப் படுக்கப்போட்டு அதைக் கொளுத்துகிறது பாதுகாப்பு இல்லை.

உடுப்பைப் பற்றி எங்கட அபிப்பிராயம் எளிது. காலமையும் பின்னேரமும் கால் மூடின உடுப்பு. வெள்ளவத்தை வேர்வைக்குள் அது கஷ்டம்தான். மெல்லிய பருத்தி, கொஞ்சம் தொளதொளப்பு, இளநிறம். அம்மம்மாவின் பருத்திச் சட்டை எந்த ஜிம் லெகிங்ஸையும் விட நல்லது. இறுக்கமான துணிக்கு மேலாலேயே நுளம்பு குத்தும்.

தடுப்பூசியும் இருக்கிறது. கியூடெங்கா எனும் ஊசிக்கு 2022 டிசம்பரில் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதி கொடுத்தது. மூன்று மாத இடைவெளியில் இரண்டு தடவை போட வேண்டும், ஆகவே டிக்கட் போட்ட கையோடு விசாரிக்க வேண்டிய விஷயம். முக்கியமாக முந்தி ஒருக்கா டெங்கு வந்தவர்கள் தங்கட டொக்டரிடம் கேளுங்கள். ஊசி போட்டாலும் ஸ்பிரேயை விடக்கூடாது. அதே நுளம்பு சிக்குன்குன்யாவையும் காவுகிறது. 2006இல் இலங்கையை ஆட்டிய அந்த மூட்டுவலிக் காய்ச்சல் 2024 கடைசியிலிருந்து திரும்பவும் தலைதூக்கியது.

இவ்வளவும் ஒரு ஆள் தனக்குச் செய்யக்கூடியது. இனி இரண்டாவது விஷயம், நாங்கள் உண்மையில் எழுத வந்தது.

ஏடிஸ் நுளம்பு தூரப் பயணம் போகாது. பிறந்த இடத்திலிருந்து சில நூறு மீற்றருக்குள் அவளுடைய வாழ்க்கை முடிந்துவிடும். உங்களைக் குத்தின நுளம்பு உங்கட வீட்டில் பிறந்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் பக்கத்து வீட்டில், கூடினால் அதே லேனில். அவள் ஒரு வயிறு ரத்தத்துக்கு நாலைந்து பேரைக் குத்துவாள். ஆகவே டெங்கு ஒரு லேனின் கணக்கு. லேனில் ஒரு வீடு கவனிக்காவிட்டால் மற்ற இருபது வீடும் கவனித்தது வீண்.

வெள்ளவத்தையில் காலி வீதிக்கும் கடலுக்கும் நடுவில் இருக்கிற ஏதாவது ஒரு லேனுக்குள் இரவு எட்டு மணிக்கு நடந்து பாருங்கள். தொடர்மாடிகளை அண்ணாந்து பார்த்தால் வெளிச்சம் இல்லாத மாடிகள் தெரியும். கரண்ட் வெட்டு இல்லை, ஆக்கள் இல்லை. ஊரில் ஒரு இடம் இருக்க வேண்டும் எண்ட ஆசையில் லண்டனிலோ பாரிஸிலோ இருந்து உழைத்து வாங்கினது. வருஷத்தில் மூன்று கிழமை திறக்கும், மிச்சம் 49 கிழமை பூட்டு. அந்த ஆசையை நாங்கள் நக்கலடிக்கவில்லை. ஊரை விட்டு ஓடின ஒரு தலைமுறைக்கு ஒரு கதவும் ஒரு சாவியும் என்ன அர்த்தம் எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனால் அந்தப் பூட்டுக்குள் கொமட்டில் தண்ணி நிற்கிறது. பிளஷ் தாங்கியில் தண்ணி நிற்கிறது. பல்கனியில் போன ஓகஸ்டில் ஆசையாக வைத்த ரோசாச்செடி செத்து, சாடியும் தட்டும் மழைக்கு நிறைந்து நிற்கிறது. ஆட்கள் இருக்கிற வீட்டில் கொமட் நுளம்புக்கு உதவாது, நாளுக்குப் பத்துத் தடவை தண்ணி மாறும். ஆளில்லாத வீட்டில்தான் அது குளம்.

எங்களில் ஒருவர் இருக்கிற தொடர்மாடியில் மேல்மாடிப் பல்கனி ஒன்றிலிருந்து மழைநாளில் சாடித்தண்ணி வழியும். காவலாளி ஐயாவிடம் சாவி இல்லை. நிர்வாகக் குழுவிடம் ஒரு வெளிநாட்டுத் தொலைபேசி இலக்கம் மட்டும் இருக்கிறது. அடித்துக் கேட்டால், "நாங்கள் ஜூலையில வருவம், வந்து பாப்பம்" எண்டு மரியாதையாகத்தான் பதில் வரும். அந்த மழைக்காலத்தில் அதே கட்டடத்தில் மூன்று பிள்ளைகளுக்கு டெங்கு. அதில் ஒரு பிள்ளைக்கு ஆறு வயது, ஒன்பது நாள் வார்ட்டில். அந்த நுளம்பு அந்தப் பல்கனியில்தான் பிறந்தது எண்டு நிரூபிக்க ஏலாது. நாங்கள் அப்படிச் சொல்லவும் இல்லை. ஆனால் அந்தப் பல்கனியைத் திறந்து பார்க்க ஒருத்தருக்கும் வழி இருக்கவில்லை எண்டது உண்மை. ஜூலையில் அவர்கள் வந்தார்கள், நல்ல விலையான ஸ்பிரேயோடு.

கொட்டாஞ்சேனைக் கதை வேறு. அங்கே பழைய வீடுகளும் தோட்டங்களும் ஒன்றோடொன்று முட்டிக்கொண்டு நிற்கின்றன. ஒரு குழாயை நாலு குடும்பம் பாவிக்கிற இடத்தில் பரலில் தண்ணி பிடித்து வைக்காமல் எப்படி? அந்தப் பரல் சோம்பலில் வந்ததில்லை, குழாயில் தண்ணி ஒழுங்காக வராததால் வந்தது. ஆனால் டெங்கு எண்டவுடன் எல்லாருடைய விரலும் நீள்வது அந்தப் பக்கம்தான். வெள்ளவத்தை அன்ரிமார் "அங்க துப்பரவில்லை" எண்டு சொல்லுவதை நாங்கள் கேட்டு வளர்ந்தோம். எங்களில் கொட்டாஞ்சேனைப் பிள்ளைகள் சொல்லுவது இது: தோட்டத்துக்குள் பி.எச்.ஐ. மாஸ்டர் வந்தால் கதவு திறந்தேதான் இருக்கும், நேரே வருவார், பரலைப் பார்ப்பார், சத்தம் போடுவார், தேவைப்பட்டால் வழக்கும் போடுவார். தொடர்மாடி வாசலில் அவர் முதலில் காவலாளியைத் தாண்ட வேண்டும், பிறகு பூட்டைத் தாண்ட வேண்டும். தேடலாம் எண்ட இடத்தில்தான் குற்றமும் அகப்படும். ஆகவே அகப்படுகிறவர்கள் எப்பவும் அதே ஆட்கள்.

சட்டம் இந்த வித்தியாசம் பார்க்கவில்லை. 2007ஆம் ஆண்டின் 11ஆம் இலக்க நுளம்புப் பெருக்கத் தடுப்புச் சட்டம், இடத்தின் சொந்தக்காரருக்கும் அங்கே குடியிருப்பவருக்கும் பொறுப்புச் சொல்கிறது. சொந்தக்காரர் மிசிசாகாவில் இருந்தாலும் சொந்தக்காரர்தான். சிங்கப்பூரில் வீட்டுக்குள் நுளம்புக் குடம்பி அகப்பட்டால் யாருடைய வீடானாலும் தண்டம். அங்கே அதைச் சரி எண்டு சொல்லுகிற அதே ஆட்கள், இங்கே ஒரு சாவியை விட்டுப்போகச் சொன்னால் கோபிக்கிறார்கள்.

எங்களுக்கு வருகிற பதில் தெரியும். "இது அரசாங்கத்தின்ட வேலை. மூன்று கிழமை லீவுக்கு வாற எங்களிட்ட ஏன் கேக்கிறியள்?" இந்தக் கேள்வியை நாங்கள் தட்டிக்கழிக்கவில்லை. 2017 ஏப்ரல் 14, புத்தாண்டு தினத்தன்று மீதொட்டமுல்லை குப்பைமலை சரிந்து 30க்கும் மேற்பட்ட மனிதர்களை மூடியது. அதுக்குப் பிறகு கொழும்பின் குப்பை போக இடமில்லாமல் தெருவில் கிடந்து, அதற்கு மேல் மழை பெய்தது. அந்த வருஷ டெங்குவை வீட்டுக்காரரின் பூச்சாடியோடு மட்டும் முடிச்சுப்போட்டால் அது அநியாயம். குப்பை அள்ளுவது, குழாயில் தண்ணி வருவது, பாதியில் நின்றுபோன கட்டட வேலைகளில் லிஃப்ட் குழியில் தண்ணி நிற்பதைப் பார்ப்பது எல்லாம் அரசினதும் மாநகர சபையினதும் பொறுப்பு. காய்ச்சல் கூடினபிறகு ஒருநாள் புகை அடித்துவிட்டுப் போவது அந்தப் பொறுப்பை முடிக்காது. புகைக்குப் பறக்கிற நுளம்பு சாகும், தண்ணிக்குள் இருக்கிற குடம்பியும் ஒட்டியிருக்கிற முட்டையும் அப்படியே இருக்கும். இந்தோனேசியாவின் யோக்யகர்த்தாவில் வொல்பாக்கியா எனும் பக்டீரியாவைக் காவும் நுளம்புகளை விட்டுப் பார்த்த இடங்களில் டெங்கு 77 வீதம் குறைந்தது எண்டு 2021இல் முடிவு வெளிவந்தது. அப்படிப்பட்ட வேலைகளை ஒரு அரசுதான் செய்ய முடியும், அதைக் கேட்க எங்களுக்கு உரிமை இருக்கிறது.

ஆனால் அரசு வந்தாலும் பூட்டின வீட்டுக் கொமட்டுக்குள் வராது. அது உங்களுடையது. வருஷத்தில் மூன்று கிழமை வருகிறவருக்கும் 52 கிழமை நுளம்பு வளர்க்கிற இடம் இருக்கலாம் எண்டதுதான் எங்கட வாதம்.

காய்ச்சல் வந்தால் என்ன செய்வது எண்டதையும் சொல்லிவிடவேண்டும். நாங்கள் கலைப்பீடத்துப் பிள்ளைகள், வைத்தியம் எங்கட பாடம் இல்லை. ஆனால் கொழும்பில் வளர்ந்த ஆருக்கும் இது மனப்பாடம், லீவுக்கு வருகிறவர்களுக்குத்தான் தெரியாது. குத்தி நாலு முதல் பத்து நாளுக்குள் காய்ச்சல் வரும். அதுக்குப் பரசிற்றமோல் மட்டும், அளவோடு. ஐபுபுரொஃபன், அஸ்பிரின், டைக்குளோஃபெனாக் தொடவே கூடாது. அவை ரத்தக்கசிவைக் கூட்டும். வெளிநாட்டுப் பெட்டிகளில் முதலில் வெளியில் வருவதே ஐபுபுரொஃபன்தான், அதனால் சொல்கிறோம். மூன்றாம் நாளும் காய்ச்சல் நின்றால் வைத்தியரிடம் போய் ரத்தம் சோதியுங்கள். கர்ப்பிணிகள், கைக்குழந்தைகள், வயதானவர்கள், நீரிழிவுக்காரர் மூன்று நாள் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது, உடனே.

காய்ச்சல் விட்டவுடன் "அப்பாடா, சுகம்" எண்டு வெளிக்கிட்டுத் திரிவதுதான் பெரிய ஆபத்து. டெங்குவில் உயிருக்கு மோசமான நேரம் பெரும்பாலும் காய்ச்சல் இறங்குகிற நேரத்தில்தான் தொடங்கும். ரத்தக்குழாயிலிருந்து நீர் கசிகிற அந்த ஒன்று, இரண்டு நாள்தான் கண்டம். கடும் வயிற்றுவலி, விடாத சத்தி, முரசில் ரத்தம், கை கால் குளிர்வது, சலம் போகாமல் இருப்பது, சோர்ந்துபோவது அல்லது காரணமில்லாமல் அந்தரப்படுவது, இதில் ஒன்றைக் கண்டாலும் நேரே ஆஸ்பத்திரி. எங்கட சனம் பிளேட்லெட் எண்ணிக்கையைக் கிரிக்கெட் ஸ்கோர் மாதிரிக் கேட்கும். வைத்தியர்கள் அதோடு சேர்த்து ரத்தம் தடிக்கிறதா எண்டும் பார்க்கிறார்கள், ஏனென்றால் கசிவு அதில்தான் தெரியும். பப்பாசி இலைச்சாற்றைக் குடித்துக்கொண்டு வீட்டில் படுத்தால் அந்தக் கண்டம் காத்திருக்காது. ஜீவனி, இளநீர், கஞ்சி குடிக்கலாம். சிவப்பு, மண்ணிறப் பானம் வேண்டாம், சத்தி எடுத்தால் ரத்தமா எண்டு தெரியாமல் போகும். நோயாளியைப் பகலிலும் வலைக்குள் படுக்க வையுங்கள். காய்ச்சல் நாட்களில் அவரைக் குத்துகிற நுளம்புதான் அடுத்த ஆளுக்குக் கொண்டுபோகும். அடுத்த ஆள் பெரும்பாலும் அதே வீட்டில் இருக்கிற பிள்ளை.

திரும்பிப் போகும்போதும் இது முடியாது. ஏடிஸ் இனத்துப் புலிநுளம்பு இப்ப தெற்கு ஐரோப்பாவைத் தாண்டிப் பாரிஸ் வரைக்கும் குடியேறிவிட்டது. 2022இல் பிரான்சுக்குள்ளேயே, வெளிநாடு போகாத 65 பேருக்கு டெங்கு தொற்றியது. 2024இல் அது 83. கோடையில் கொழும்பிலிருந்து வைரஸோடு போய் இறங்குகிற ஒருத்தர் லா சப்பலுக்கும் அதைக் கொண்டுபோகலாம். ஆகவே திரும்பிப்போய் மூன்று கிழமைக்கு அங்கேயும் ஸ்பிரே. காய்ச்சல் வந்தால் அங்கே இருக்கிற டொக்டரிடம் முதல் வசனமே "இலங்கையிலிருந்து வந்தனான்" எண்டு இருக்க வேண்டும்.

இனி நாங்கள் கேட்கிறது. வந்து இறங்கின முதல் நாள், பெட்டியைத் திறக்க முந்தி, தங்கிற இடத்தைப் பத்து நிமிஷம் சுற்றிப் பாருங்கள். சொந்த பிளாட்டோ, வாடகைக்கு எடுத்ததோ, மாமி வீடோ, பல்கனி, குளியலறை, பிரிட்ஜுக்குப் பின்பக்கம், ஏசி வாளி. தண்ணி நின்றால் ஊற்றுங்கள், பாத்திரத்தைத் தேய்த்துக் கழுவுங்கள், முட்டை ஓரத்தில் ஒட்டியிருக்கும். மாமி வீட்டில் இதைச் செய்வது மரியாதைக் குறைவு எண்டு நினைக்க வேண்டாம். மருமகப்பிள்ளை வந்து பீலி துப்பரவாக்கினால் எந்த மாமிக்கும் சந்தோஷம்தான். கொண்டுவருகிற ஸ்பிரேயில் இரண்டு போத்தல் கூடக் கொண்டுவாருங்கள், சொக்கிளேட்டில் ஒரு கிலோவைக் குறைத்து. காலமை பிள்ளையைப் பள்ளிக்கூட வானுக்கு ஏற்றிவிடுகிற பக்கத்து வீட்டு அக்காவுக்கும் காவலாளி ஐயாவுக்கும் அது உங்களைவிடக் கூடத் தேவை. அவர்கள் குத்துப்படாவிட்டால் உங்களுக்கும் பாதுகாப்பு.

புறப்படுகிற நாளில் செடிகளை ஆருக்கும் குடுத்துவிடுங்கள், சாடிகளைக் கவிழ்த்து வையுங்கள். தண்ணிக் குழாயைப் பூட்டி, பிளஷ் தாங்கியை வெறுமையாக்கி, கொமட் மூடியைப் போட்டு ரேப் ஒட்டுங்கள். குளியலறைத் தரையில் தண்ணி போகிற துவாரத்தையும் மூடுங்கள். மேல்தாங்கி மூடி சரியா எண்டு பாருங்கள்.

கடைசியாக, சாவி. நம்பிக்கையான ஒருத்தரிடம் ஒன்றை விட்டுப்போங்கள். பக்கத்து வீட்டுக்காரரோ, நிர்வாகக் குழுவோ, உங்கட சொந்தக்காரப் பிள்ளையோ, ஆரோ. கிழமைக்கு ஒருக்காத் திறந்து, ஒருக்கா பிளஷ் பண்ணி, பல்கனியைப் பார்த்துப் பூட்டினால் போதும். நுளம்புக்கு வளர ஒரு கிழமைக்குமேல் வேண்டும், அந்தக் கிழமையை அவளுக்குக் குடுக்காவிட்டால் சரி. ஐந்து நிமிஷ வேலை. ஆளில்லை எண்டால் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் நாங்கள் இருக்கிறோம். செமஸ்டர் காலத்திலும் கிழமைக்கு ஐந்து நிமிஷம் எங்களிடம் இருக்கும்.